எழும்பாமல் இருக்கப் பழகியது

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறவள் நான். அங்கே என் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. மருந்து மாறி வந்தால் மருத்துவரையே தொலைபேசியில் பிடித்துக் கேட்பேன். சாப்பாடு ஆறிப்போய் வந்தால் சமையலறைக்குத் திருப்பி அனுப்புவேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். மிச்சக் கதையைக் கேட்டுவிட்டு என்னை வாயில்லாப் பூச்சி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில், பெரியவர்கள் சேர்ந்து ஒரு நாடகம் போடுவது வழக்கம். எங்கள் பிள்ளைகள் வளர்ந்து போனபிறகும் நானும் என் கணவரும் தேநீர் போடவும் கதிரை அடுக்கவும் அங்கே போய்க்கொண்டிருந்தோம். நாடகம் என்றால் ஒரு அரசன் வாளோடு வருவான். இல்லாவிட்டால் அகதி முகாமில் ஒரு தாய் தலைவிரி கோலமாக அழுவாள். இரண்டும் எங்களுக்கு அலுத்துப்போயிருந்தது. அந்த வருடம், ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமிலிருந்து பிள்ளையைக் கூட்டிவரும் தகப்பன் ஒருவர், தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை பார்ப்பவர், தானே ஒரு நாடகம் எழுதிக்கொண்டு வந்தார். அமெரிக்காவில் பஸ் இருக்கையை விட்டு எழும்ப மறுத்த கறுப்பினப் பெண்ணின் கதை.

அவர் கதையைச் சொல்லத் தொடங்கியதுமே நான் கதிரை அடுக்குவதை விட்டுவிட்டுக் கிட்டப் போனேன். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். நோர்வேக்கு வந்த புதிதில், மொழி வகுப்பில், அகராதியைத் தொடாமல் நான் கடைசிவரை வாசித்து முடித்த முதல் நோர்வேஜியக் கதை அவளுடையது. தையல் வேலை செய்யும் பெண். வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறாள். முன் இருக்கைகள் வெள்ளைக்காரருக்கு. அவள் இருந்தது கறுப்பினத்தவருக்கென்று விட்டிருந்த பகுதியில்தான். முன்பக்கம் நிரம்பி ஒரு வெள்ளைக்காரர் நிற்க நேர்ந்ததும், அவள் இருந்த வரிசையையே காலி பண்ணச் சொல்கிறான் சாரதி. அவளோடு இருந்த மூன்று பேரும் எழும்பிவிடுகிறார்கள். அவள் எழும்பவில்லை. பொலிஸ் வந்து கொண்டுபோகிறது. அதற்குப் பிறகு அந்த நகரத்துக் கறுப்பின மக்கள் ஒரு வருடத்துக்கும் மேலாகப் பஸ்ஸில் ஏறாமல் இருந்து, நடந்தே வேலைக்குப் போய், கடைசியில் அந்தச் சட்டத்தையே விழுத்திவிட்டார்கள்.

அந்த வகுப்பில் இருந்த நாங்கள் எல்லாரும் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பழகியவர்கள். ஊரில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஆமிக்காரன் இறங்கு என்றால் இறங்கி, வரிசையாக நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறியவர்கள். மாட்டேன் என்று சொல்ல எங்களுக்குத் தோன்றியதில்லை. தோன்றியவர்கள் எங்களோடு வகுப்பில் இருக்கவில்லை. ஆகவே கையில் பையை வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் ஒரு பெண் இருந்த இடத்திலேயே இருந்தாள் என்று வாசித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆசிரியை நான் சொல் விளங்காமல் அழுகிறேன் என்று நினைத்து இன்னொருமுறை மெதுவாக வாசித்துக் காட்டினார்.

சாரதியாக நடிக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. என் கணவர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். ஓடிவரும் ஆட்களுக்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார், நேரம் பிந்தியதற்குப் பேச்சும் வாங்குவார். பிள்ளை வண்டியோடு யாரும் நின்றால் பஸ்ஸின் வாசல் பக்கத்தைத் தாழச் சரித்துக் கொடுத்துவிட்டு, ஏறும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார். "வேலைச் சட்டையையே போட்டுட்டு வாங்கண்ணா, அசலா இருக்கும்" என்று தமிழ்நாட்டுக்காரர் கேட்டபோது இவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்தச் சட்டையோடை நான் அந்த வேலை செய்யமாட்டன். வேறை சட்டை தாங்கோ" என்றார்.

நான் கதாநாயகி ஆனது வேறு கதை. தேநீர்க் கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போன ஒரு தகப்பனுக்கு நான் ஏசிக்கொண்டிருந்ததை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அக்கா, நீங்கதான் அந்தம்மா" என்றார் நாடகக்காரர். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. வெளியே, "எனக்கு உதெல்லாம் தெரியாது தம்பி" என்று கொஞ்சம் பிகு பண்ணினேன். ஆனால் வேறு யாரிடமும் கேட்டுவிடுவாரோ என்று பயந்து உடனே ஒப்புக்கொண்டேன்.

முதல் ஒத்திகை வகுப்பறையில். கதிரைகளை இரண்டிரண்டாக அடுக்கிப் பஸ் ஆக்கினோம். வெள்ளைக்காரராக நடிப்பவர்களுக்குப் பவுடர் அப்பினால் என்ன என்று ஒரு தாய் கேட்டா. மருத்துவம் படிக்கும் பெண் ஒருத்தி, இங்கேயே பிறந்தவள், எழும்பிப் போகும் மூன்று பேரில் ஒருத்தியாக நடிக்க இருந்தவள், "ஐயோ அன்ரி, ஒருத்தருக்கும் ஒண்டும் பூசவேண்டாம். எங்கடை முகத்தோடையே நடிப்பம்" என்று கைகூப்பினாள். அது அத்தோடு முடிந்தது.

இவர் வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"எழும்பும்" என்றார்.

வகுப்பறையே கொல்லென்று சிரித்தது. எழுத்தில் இருந்தது "எழும்பு". என்னை நீர் என்றே மரியாதையாகப் பேசிப் பழகிய இவருக்கு அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை. "அண்ணா, நீங்க ஒரு கொடுமைக்கார டிரைவர். பொண்டாட்டிய காபி போடச் சொல்ற மாதிரி சொல்றீங்களே" என்று நாடகக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். சிரித்து முடிந்தபிறகுதான் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, நீங்க எந்திரிக்கக் கூடாது. எந்திரிக்காததுதான் கதையே!"

"தெரியும் தம்பி, தெரியும்" என்று கதிரையில் இருந்தேன். மறுபடி இவர் சொன்னார், இந்தமுறை எழுத்தில் இருந்தபடி, கொஞ்சம் உரக்க. எழும்பவேண்டிய மூன்று பேருக்கும் முந்தி நான் எழும்பிவிட்டேன். பொலிஸ்காரனாக நடிப்பவரைச் சாரதியாக நிறுத்திப் பார்த்தார்கள். அவர் தொண்டை கிழியக் கத்தினார். நான் கல்லுப்போல இருந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். திரும்ப இவர் வந்து நின்று வாயைத் திறந்தார். என் கால் என்னைக் கேட்காமலே நிமிர்ந்துவிட்டது.

"அன்ரி, ஸ்லப் ஆவ், உடம்பை இறுக்காமல் விடுங்கோ" என்று மருத்துவ மாணவி தோளைத் தடவினாள். உடம்பை விட்டால் இன்னும் வேகமாக எழும்பியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சிரித்தவர்கள் மேல் இல்லை. என் முழங்கால்கள் மேல்.

வீட்டுக்குப் போகும் வழியில், ஹவுகெட்டோ நிறுத்தம் தாண்டியபிறகு இவர் மெல்லக் கேட்டார்.

"நான் உம்மை எப்பவாவது எழும்பு எண்டு சொன்னனானோ?"

"இல்லை" என்றேன். உண்மை. ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததே இல்லை. சாப்பிடும்போது இவர் கண் கொஞ்சம் அங்கே இங்கே போனால் ஊறுகாய்ப் போத்தல் வந்துவிடும். கை கோப்பையைத் தேடினால் தண்ணீர் வந்துவிடும். எங்கள் மேசையில் குசினி அடுப்புக்குக் கிட்ட இருக்கும் கதிரை என்னுடையது. யாரும் ஒதுக்கித் தந்ததில்லை, நானே போய் இருந்துகொண்டது. ஒரு சாப்பாட்டை இருந்த இருப்பில் சாப்பிட்டு முடித்த ஞாபகம் எனக்கு இல்லை. வேலையிடத்தில் ஜெனரல், வீட்டில் இப்படி. இதைப் பெரிய அநியாயமாகவும் நான் நினைத்ததில்லை. எங்கள் வீடுகள் எல்லாம் அப்படித்தான், இவரோ நல்ல மனிதர்.

அடுத்த ஒத்திகையிலும் அதே கதைதான். நாடகக்காரர் பாவம், நோகாமல் சொல்லப் பார்த்தார். "கடைசி ஒத்திகை வரைக்கும் பாப்போம்க்கா. சரியா வரலேன்னா தங்கச்சிய உக்கார வெச்சுக்கலாம்." தங்கச்சி என்றது மருத்துவ மாணவியை. அவள், "நான் செய்யமாட்டன், அது அன்ரியின்ரை இடம்" என்று மறுத்தாள். ஆனாலும் விழாவை நிறுத்த முடியாதே.

எனக்கு அந்த இடம் வேண்டும். மேடை ஏறவேண்டும் என்று வாழ்க்கையில் ஆசைப்பட்டவள் இல்லை நான். ஆனால் அந்தப் பெண்ணாக ஒருமுறை, ஐந்தே ஐந்து நிமிடம், எழும்பாமல் இருந்து பார்க்க வேண்டும் என்று எனக்குப் பசிபோல இருந்தது. அதை என் முழங்கால் பறித்துக்கொண்டு போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நூலகத்தில் போய் அவளைப் பற்றி இருந்ததை எல்லாம் எடுத்து வாசித்தேன். அப்போதுதான் தெரிந்தது, மொழி வகுப்பில் எங்களுக்குச் சொன்ன கதை பாதிக் கதை. வேலை செய்து களைத்த கால்கள், அதனால் எழும்பவில்லை என்று சொல்லியிருந்தார்கள். பொய். அவள் அதற்கு முன்பே பல வருடங்களாக உரிமைக்காக உழைத்தவள். அந்த வருடக் கோடையில் மலைப்பக்கம் ஒரு பள்ளிக்குப் போய், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடும் இடத்தில், எப்படி எதிர்த்து நிற்பது என்று படித்துவிட்டு வந்தவள். அதே சாரதி பல வருடங்களுக்கு முன் அவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறான். அவளுக்குச் சில மாதங்கள் முந்தி ஒரு பள்ளி மாணவி அதே ஊரில் எழும்ப மறுத்துப் பிடிபட்டிருக்கிறாள். எல்லாம் தெரிந்துதான் அவள் இருந்திருக்கிறாள். எழும்பாமல் இருக்க அவளும் பழகியிருக்கிறாள். இதை வாசித்ததும் அவள் மேல் இருந்த மதிப்பு எனக்கு இரட்டிப்பானது. ஒரு கோபத்தில் யாரும் எதையும் செய்துவிடலாம். நானே செய்வேன். இவள் செய்தது கோபத்தில் செய்கிற காரியம் இல்லை.

ஒருத்தியைத் தேடிப்போனால் அவளைச் சுற்றி எத்தனை பேர். அந்த நகரத்தில் ஒரு சமையல்காரப் பெண் கோழி பொரித்து, கேக் செய்து விற்று, நடந்து போகிறவர்களுக்குக் கார் ஓடப் பணம் சேர்த்திருக்கிறாள். பள்ளிக்கூடக் கட்டட நிதிக்கு ரோல்ஸும் வடையும் சுட்ட எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. அவர்களுக்கு முன்னால் நின்று வழிநடத்திய இளம் போதகர், பிறகு இதே ஒஸ்லோவுக்கு வந்து சமாதானப் பரிசு வாங்கிப் போனவர். அந்தப் பரிசு கொடுத்த பல்கலைக்கழக மண்டபத்தைத் தாண்டி எத்தனையோ தரம் பல் வைத்தியரிடம் போயிருக்கிறேன், பல்லைப் பற்றிய நினைப்போடு. இன்னும் நூறு வருடம் பின்னால் போனால், அடிமையாகப் பிறந்து தப்பி ஓடியவள் ஒருத்தி. தான் தப்பினது போதும் என்று இருக்காமல், பிடித்தால் தொலைந்தாள் என்று தெரிந்தும் திரும்பத் திரும்பப் போய் மற்றவர்களைக் கூட்டிவந்திருக்கிறாள். நாங்களும் தப்பி வந்தவர்கள்தான். வந்த வழியால் ஒருமுறை திரும்பிப் போ என்று சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அவள் என்ன நெஞ்சு படைத்தவள்! அவளை நினைத்து ரெயிலில் தனியாக இருந்து பெருமைப்பட்டேன், சொந்தக்காரிபோல.

பழகலாம் என்று தெரிந்தபிறகு வீட்டில் தொடங்கினோம். யோசனை இவருடையதுதான். சோறு குழைத்த கையோடு, எதிர்பாராத நேரத்தில், "எழும்பு" என்பார். நான் எழும்பக் கூடாது. முதல் நாள் பத்துத் தரமாவது எழும்பியிருப்பேன். இருவருக்கும் சிரிப்பு. பிறகு மெல்ல மெல்ல, கதிரையின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு இருக்கப் பழகினேன். ஆனால் சொல்லுக்கு எழும்பாத கால், கண்ணுக்கு எழும்பியது. இவர் கோப்பையைப் பார்த்தால் கால் துடித்தது. சரி, அதையும் பழகுவோம் என்று இருந்தேன்.

"தண்ணி எங்கை?" என்றார் இவர்.

"குழாயிலை" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, எழும்பிப் போய் எடுத்துக் குடித்தார். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு வேர்த்துவிட்டது.

கடைசி ஒத்திகையில் நான் எழும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன் என்பதுதான் சரி. "கதிரைய விட்ருங்கக்கா, ஏதோ கப்பல் கவுர்ற மாதிரி பிடிச்சிருக்கீங்க" என்றார் நாடகக்காரர். ஆனால் இடம் எனக்கே என்றார். மருத்துவ மாணவி துள்ளிக் குதித்தாள்.

விழா மே மாதத்துச் சனிக்கிழமை பின்னேரம். வெளியே நல்ல வெயில். மண்டபம் நிறைய ஆட்கள். முன் வரிசையில் என் கணவரின் அக்கா, என் மச்சாள், பேர்கனிலிருந்து இதற்கென்றே வந்து இருந்தா. திரை விலகியது. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பின்னால் யாரோ ஹோர்ன் சத்தம் போட்டார்கள், பிள்ளைகள் சிரித்தார்கள். இவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"எழும்பு!"

மற்ற மூன்று பேரும் எழும்பிப் பின்னால் போனார்கள். நான் இருந்தேன். கதிரையைப் பிடிக்கவில்லை. இரண்டாம் முறை சொன்னார். அப்போதும் இருந்தேன். அந்த நேரம் பார்த்து முன் வரிசையிலிருந்து மச்சாள் பகிடியாகக் குரல் கொடுத்தா.

"எழும்பன் பிள்ளை, மனுசன் சொல்லுதெல்லே!"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஆண்கள் பக்கமிருந்து ஒருவர், "மேடையிலையே கேக்கிறா இல்லை, வீட்டிலை எப்பிடியோ!" என்றார். அதற்கு இன்னும் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தேன். இவருக்கும் சிரிப்பு இல்லை. காது சிவந்திருந்தது. தாடை இறுகியிருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த முகத்தை அன்றைக்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை.

"எழும்படி!" என்றார்.

அது எழுத்தில் இல்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. குரல் நாடகக் குரலும் இல்லை. இத்தனை பேருக்கு முன்னால், அக்காவுக்கு முன்னால், நான் எழும்பாமல் இருப்பது இவருக்கு உண்மையாகவே பொறுக்கவில்லை. எழும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உடம்பு முழுவதும் சொன்னது. அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பெண்ணின் படம் ஞாபகம் வரவில்லை, வாசித்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எழும்பக் கூடாது என்பது மட்டும்தான் இருந்தது.

"ஏலாது. நான் எழும்பமாட்டன்" என்றேன்.

என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. பின் வரிசையில் யாரோ ஒரு பெண் கைதட்டத் தொடங்கினாள். பிறகு மண்டபம் தட்டியது. பொலிஸ்காரர் வந்தார். அவரோடு போவதற்கு நானாக எழும்பினேன். கால் சொன்னபடி கேட்டது.

அதற்குப் பிறகு ஒரே பாராட்டு மழை. நாடகக்காரர் இவர் கையைப் பிடித்து, "அண்ணா, அந்த கடைசி டயலாக், பிச்சிட்டீங்க! எங்கேருந்து வந்துச்சு அது?" என்று கேட்டார். இவர் சிரித்தாற்போல வாயை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மச்சாள் என்னைக் கட்டிக்கொண்டு, "நல்லாச் செய்தாய், என்ரை தம்பியைப் பாக்கத்தான் பாவமா இருந்தது" என்றா.

கார் நிறுத்துமிடத்தில் இவர் காருக்குள் இருந்தார். சாவியைப் போட்டிருந்தார், ஆனால் திருப்பவில்லை. நான் ஏறிக் கதவைச் சாத்தினேன். வெயில் இன்னும் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது.

"அந்த ட்ரைவர் அண்டைக்கு வீட்டை போய் மனிசியிட்டை என்ன சொல்லியிருப்பான்?" என்று கேட்டார், என்னைப் பார்க்காமல்.

"தன்ரை வேலையைத்தான் செய்தனான் எண்டு சொல்லியிருப்பான்."

இவருடைய கை இரண்டும் ஸ்டியரிங்கில் இருந்தது.

"எனக்கு உண்மையாவே கோவம் வந்திட்டுது. அது நடிப்பில்லை."

"தெரியும்."

"கண்டனீரோ?"

"கண்டனான்."

"பயந்தனீரோ?"

பொய் சொல்லலாம் என்று ஒருகணம் நினைத்தேன். இவருக்காக. சொல்லவில்லை.

"ஓம். நல்லாப் பயந்தனான்."

"பயந்துகொண்டோ எழும்பாமல் இருந்தனீர்?"

"ஓம்."

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை.

"அப்ப அந்தப் பஸ்ஸிலை அவவும் அப்பிடித்தான் இருந்திருப்பா, என்ன?" என்றார்.